தரையில் விழாத பெயர்

ஏழு வெள்ளைக்காரர்கள் ஒன்று சேர்ந்துகொண்டு, நம்ம ஆவடிப் பையன் ஒருத்தனுக்குத் தள்ளி உட்கார்ந்து இடம் தர மாட்டேன் என்று அடம்பிடிக்கிறார்கள். இதை நான் நம்பினேன். முழுசாக நான்கு நாள் நம்பினேன். அந்த ஏழு பேரும் செத்து எண்பது வருடம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் நம்பினேன். சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள், பின்னால் சிரிக்க அவ்வளவாக இடம் இருக்காது.

பேய் பிசாசு சமாசாரத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. நம்பிக்கை என்ன நம்பிக்கை, ஒரு காலத்தில் நானே பேயாக வேலை பார்த்தவன். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக் கிணற்றடியில் வெள்ளைப் போர்வையைத் தலையில் போட்டுக்கொண்டு நின்றேன். மாமியாருக்கு மூன்று நாள் காய்ச்சல், எனக்கு இன்றுவரை அந்த வீட்டில் இரண்டாம் முறை குழம்பு கிடையாது. தொழிலும் அப்படித்தான். அம்பத்தூரில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஜன்னல், ஷோகேஸ், அலுமினியத் தடுப்பு, எல்லாம். கண்ணாடி என்றால் காய்ச்சிய மணல். அதற்குள் ஆவியும் கிடையாது அருளும் கிடையாது, அஜாக்கிரதையாகக் கை வைத்தால் கிழிக்கும், அவ்வளவுதான் என்று இருபத்தெட்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், நவம்பர் மாதம், ஆசீர் சார் கடைக்கு வந்தார். படைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். முப்பத்தைந்து வருடம் ஆவடி குவார்ட்டர்ஸில் குடியிருந்தும் வாயைத் திறந்தால் அந்த ஊர்ப் பேச்சுதான் வரும். பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் அவர் கட்டிய வீட்டுக்கு ஜன்னல் முழுக்க நான்தான் போட்டேன்.

“மூர்த்தி, ஒரு சின்ன வேல. கண்ணாடியில பேரு ஒண்ணு எழுதணும்.”

“வூட்டுப் பேரா சார்? ஸ்டிக்கர்லயே ஷோக்கா பண்ணிடலாம்.”

“ஸ்டிக்கர் வேண்டாம். சூளையில சுட்ட எழுத்தா இருக்கணும். அழியக் கூடாது.”

“இன்னா பேரு சார்?”

“நேசன்.”

கையிலிருந்த அளவு டேப்பைக் கீழே வைத்தேன். நேசன் அவருடைய ஒரே மகன். விமானப்படையில் சேர்ந்தவன். அதற்கும் ஆறு வருடம் முன்னால் எங்கோ வடகிழக்கு மலைக்காட்டு மேலே ஐந்து பேரோடு போன ஹெலிகாப்டர் திரும்பவில்லை. உடைந்த துண்டுகள் கொஞ்சம் கிடைத்தன, ஆள் ஒருவரும் கிடைக்கவில்லை. தேடினார்கள், மழை வந்தது, மறுபடி தேடினார்கள், நிறுத்திவிட்டார்கள். வீட்டுக்குக் கடிதம் வந்தது, பெட்டி வரவில்லை. பெட்டி வராததால் அடக்கமும் இல்லை.

அவர்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பிறந்தநாள் வருகிற வாரத்து ஞாயிற்றுக்கிழமை, பிறந்தநாள்காரர்கள் ஒரு காணிக்கைக் கவரில் பெயர் எழுதிப் போடுவார்கள். போதகர் அந்தப் பெயர்களை வாசிப்பார். பெயருக்கு உரியவர் எழுந்துபோய் முன்னால் நிற்க வேண்டும், சபையே அவர்களுக்காக ஜெபம் பண்ணும். பெரும்பாலும் புதுச் சட்டை போட்ட பொடிசுகளாக நிற்கும். அந்த வரிசையில், ஆறு வருடமாக, நவம்பரில் ஒரு ஞாயிறு, ரூபி அக்கா போய் நிற்கிறார். ஆசீர் சாரின் மனைவி. கவரில் ‘நேசன், பிறந்தநாள் ஸ்தோத்திரம்’ என்று எழுதியிருக்கும். ஸ்தோத்திரம் என்றால் அவர்கள் பேச்சில் கடவுளுக்கு நன்றி.

“இந்த வருசம் அவ அங்க போயி நிக்கக் கூடாது, மூர்த்தி” என்றார் ஆசீர் சார். “ரெண்டு பேரு பரிதாபப்படுதான், நாலு பேரு குசுகுசுங்கான். என்னால தலய நிமித்த முடியல. அவன் போயிட்டான்னு அவ ஒரு தடவ வாயால சொல்லிட்டான்னா போதும். பேரு அந்தக் கண்ணாடியில ஏறிட்டுன்னா சொல்லித்தான ஆவணும்?”

அந்தக் கண்ணாடி என்று அவர் சொன்னது அவர்கள் சர்ச்சின் மேற்குச் சுவரில் இருக்கிறது. அது ஏரியோரம் பழைய கிராமத்துச் சின்ன சர்ச். பெரிய யுத்தம் நடந்த காலத்தில் ஆவடியைச் சுற்றிப் படை முகாமாக இருந்ததாம். விமானம் விழுந்து செத்துப்போன ஏழு பேருடைய ஞாபகமாக, கூட இருந்த சிப்பாய்கள் சேர்ந்து வைத்த வண்ணக் கண்ணாடி ஜன்னல் அது. தோல் தொப்பி போட்ட ஒரு விமானி தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். தலைக்கு மேலே நீலம், ஒரு புறா. காலடியில், நம் நெஞ்சு உயரத்தில், இரண்டு வரிசையாக எட்டுச் சின்னக் கட்டங்கள். ஏழு கட்டத்தில் ஏழு பெயர், நாலு விரல் உயரத்துக்குப் பட்டையான கறுப்பு இங்கிலீஷ் எழுத்து. எட்டாவது வெறும் கண்ணாடி. அங்கேதான் நேசன் வரவேண்டும். போதகரிடம் கேட்டாயிற்று, “இவங்களும் வானத்துல போனவங்க, அவனும் வானத்துல போனவன்” என்று அவரும் சம்மதித்துவிட்டார்.

“இங்கிலீஷ்ல எழுதணுமா சார், மத்தது மாதிரி?”

“தமிழ்ல எழுதுங்க. அவ படிக்கணும்.”

பூந்தமல்லியில் தெரிந்த பட்டறை ஒன்றில் கொடுத்துக் கறுப்புச் சாயத்தில் எழுதி, சூளையில் சுட்டு வாங்கினேன். நே, ச, ன். சுரண்டினாலும் வராத எழுத்து. செவ்வாய்க்கிழமை மதியம் போய், ஈயப் பட்டையை நெம்பி, வெறும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இதைப் பொருத்தினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. ஆசீர் சார் டீ வாங்கி வரப் போயிருந்தார். நான் மட்டும் உள்ளே.

மணி நாலு. அந்த நேரத்துக்கு மேற்கு வெயில் ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும். பின்பக்கம் பெஞ்சு கிடையாது, பாய் விரித்து உட்காருகிற வெற்றுத் தரை. அந்தத் தரையில் நீலமும் சிவப்புமாகக் கொட்டும், அதன் ஓரத்தில் ஏழு பெயர்களும் இடம் வலம் மாறி, விளிம்பு கலங்கி, ஆனால் படிக்கிற மாதிரி நிழலாக விழும். வெயில் சாயச் சாய எல்லாம் சேர்ந்து எதிர்ச்சுவர்ப் பக்கம் நகரும். என் வேலை எப்படி இருக்கிறது என்று பார்க்கத் தரையைப் பார்த்தேன்.

ஏழு பெயர் விழுந்திருந்தது. எட்டாவது கட்டம் வெள்ளையாக இருந்தது. வெறும் வெயில்.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தேன். வெள்ளை. நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தேன், நேசன் கன்னங்கரேலென்று இருக்கிறது. குனிந்து பார்த்தேன், இல்லை. உள்ளங்கையை அந்த வெளிச்சத்தில் நீட்டினேன், என் ரேகைதான் தெரிந்தது. சரி, சாயத்தில் ஏதோ கோளாறு என்று சில்லைக் கழற்றி வெளியே எடுத்துப்போய் வெயிலில் பிடித்தேன். என் சட்டைமேல் ‘நேசன்’ என்று தெளிவாக விழுந்தது. திரும்பவும் உள்ளே மாட்டினேன், தரை வெள்ளை. பக்கத்துக் கட்டத்து வெள்ளைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவரைக் கழற்றி எட்டாவதில் போட்டு, நேசனை அவர் இடத்தில் போட்டேன். வெள்ளைக்காரர் புது இடத்திலும் ஒழுங்காக விழுந்தார். நேசன் அங்கேயும் விழவில்லை.

இரண்டையும் அதனதன் இடத்தில் திருப்பி மாட்டினேன், அதுவரைக்கும் கை வேலை செய்தது. அதற்குப் பிறகு நடந்தது எனக்கே சரியாகத் தெரியாது. திருமுல்லைவாயிலில் என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது காலில் செருப்பு இல்லை, ஒரு கையில் உளி இருந்தது, வாயில் முருகா என்றும் இயேசப்பா என்றும் மாற்றி மாற்றி வந்துகொண்டிருந்தது.

என் மனைவி செல்வி வாசலுக்கு வந்தாள். “இன்னாயா, யாரையாவது குத்திட்டு வந்துகிறியா?”

“செல்வி, பேரு விழலை.”

“எங்க விழணும்?”

“தரையில.”

“அதுக்கா ஓடியாந்த? இங்க தரையில எண்ணெ கொட்டிக் கீது, தொடைக்க ஆளில்ல. வா.”

இதுதான் என் வீட்டில் எனக்குக் கிடைத்த ஆறுதல். அன்று படுத்துக்கொண்டு யோசித்ததில்தான் ஆரம்பத்தில் சொன்ன அந்த அரிய கண்டுபிடிப்பு என் மண்டையில் உதித்தது. அந்த ஏழு பேருக்கும் பொறாமை. எண்பது வருடமாகத் தங்களுடையதாக இருந்த ஜன்னலில் தமிழில் ஒருத்தன் ஏறுவது பிடிக்கவில்லை. வேறென்ன காரணம் இருக்க முடியும்?

டீயோடு வந்து என்னைத் தேடிய ஆசீர் சாரிடம் அவசர வேலை என்று போனில் புளுகிவிட்டு, புதனும் வியாழனும் போனேன். அவர்களிடம் பேசினேன். ஆமாம், பேசினேன், சத்தமாக, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில். “சார், ப்ளீஸ் அட்ஜஸ்ட். ஒன் பாய் ஒன்லி. வெரி குட் பாய்.” ஆவடி லோக்கல் ரயிலில் மூன்று பேர் சீட்டில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொள்கிறவன் கெஞ்சுகிற அதே குரல். விமானி தலையைத் தூக்கி வானத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். நம்ம ஊரிலும் இடம் தராதவன் அப்படித்தான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பான்.

வியாழக்கிழமை நான் மூன்றாவது “ப்ளீஸ்” சொல்லும்போது பின்னால் ஆசீர் சார் நின்றிருந்தார்.

“யார்கிட்ட பேசுதீங்க?”

அங்கேயே ஏதாவது ஜோக் அடித்துச் சமாளித்திருக்கலாம். எத்தனையோ இடத்தில் வேண்டாத ஜோக் அடித்தவன் நான், அன்றைக்கு என்று பார்த்து உண்மையைச் சொன்னேன். உண்மையைச் சொன்னதோடு நிறுத்தினேனா? “பாருங்க சார், செத்தவங்க பேரெல்லாம் விழுது. தம்பி பேரு மட்டும் விழல. ஒருவேள தம்பி...”

அந்த இடத்தில் நிறுத்தினேன். நிறுத்தி என்ன பிரயோஜனம்?

ஆசீர் சார் அந்த வெள்ளைக் கட்டத்தையே பார்த்தார். மெதுவாக மண்டியிட்டு, அழுக்கு ஏதாவது மறைக்கிறதோ என்பது மாதிரி உள்ளங்கையால் தரையைத் துடைத்தார். மறுபடி துடைத்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆறு வருடத்தில் அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை.

“இருக்கானோ மூர்த்தி?”

எனக்குக் குளிர்ந்துபோனது. ஏழு பேருக்குப் பயந்து ஓடியபோதுகூட அப்படிக் குளிரவில்லை.

வெள்ளிக்கிழமை ஒரு வேலையாகப் பருத்திப்பட்டுப் பக்கம் போனேன். மெக்கானிக் கடை வாசலில் ஆசீர் சார் நின்றிருந்தார். ஆறு வருடம் உறை போட்டு மூடி வைத்திருந்த நேசனின் பைக்கைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். புது டயர், புது பேட்டரி. “வந்தான்னா மொதல்ல வண்டியத்தான் தேடுவான், பாத்துக்கிடுங்க” என்றார். தேடுதலைத் திரும்ப ஆரம்பிக்கச் சொல்லி மனு எழுதிச் சட்டைப் பையில் வைத்திருந்தார், என்னிடம் படித்துக் காட்டினார். மனைவி சபையில் போய் நிற்கக் கூடாது என்று பெயர் எழுத வந்த மனுஷன். அவரே இப்போது மகன் வருவான் என்கிற நம்பிக்கையில் போய் நின்றுவிட்டார், அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் வாய்.

சனிக்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருக்கும்போதே ரூபி அக்கா வந்துவிட்டார்.

“மூர்த்தி, அவர்கிட்ட என்ன சொன்னிய?”

“அக்கா, நான் சும்மா...”

“கேட்டுல நாய் உரசுனாக்கூட எந்திரிச்சு ஓடுதாரு. ரெண்டு நாளா சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல. மகன் வாரான், மீன் வாங்கி வையிங்காரு. என்ன சொன்னிய?”

சொன்னேன். முழுசாகச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் தயங்கித் தயங்கி, “நீங்களும் அப்படித்தானேக்கா நம்புறீங்க? தம்பி இருக்கான்னுதானே வருஷா வருஷம் போய் நிக்கிறீங்க?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“இருக்கான்னு நான் என்னைக்குச் சொன்னேன்? கடிதாசு வந்த அன்னைக்கே எனக்குத் தெரியும். அவன் எந்த நாளு செத்தான்னு தெரியாது, எந்த இடம்னு தெரியாது. பொறந்த நாளு தெரியும்லா? நான் பெத்தது நிசம்லா? இருபத்தாறு வருசம் எங்கூட இருந்தான்லா? அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லத்தான் போயி நிக்கேன்.”

“இத சார்கிட்ட சொல்லியிருக்கலாமேக்கா.”

“அவரு கேக்கலயே. நான் எந்திரிச்சாலே தலயக் குனிஞ்சுக்கிடுவாரு. அவரு மனசுல இன்னும் அவன் இருக்கான் போலன்னு நான் வாயத் தொறக்கல. என் மனசுல இருக்கான்னு நெனச்சு அவரு பேரு எழுத வந்திருக்காரு.” சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “சாயங்காலம் நாலு மணிக்குக் கோயிலுக்கு வாங்க. அவரையும் கூட்டிட்டு வாரேன்.”

போனேன். சர்ச்சுக்குப் போகாமல் இருக்க ஏழெட்டுக் காரணம் யோசித்தேன், எதுவும் செல்வியிடம் எடுபடவில்லை. “நீ பேசி வெச்சத நீதான் போய்ப் பார்க்கணும்” என்று வாசலில் நின்று அனுப்பிவைத்தாள்.

வெயில் இறங்கியிருந்தது. தரையில் ஏழு பெயரும் ஒரு வெள்ளைக் கட்டமும். ஆசீர் சார் ஒரு பெஞ்சு ஓரத்தில் அந்த வெள்ளையைப் பார்த்தபடி, முகமெல்லாம் எதிர்பார்ப்பாக உட்கார்ந்திருந்தார். ரூபி அக்கா நேராகப் போய் அந்த வெள்ளைக் கட்டத்திலேயே கால் மடக்கி உட்கார்ந்தார். சந்தன நிறச் சேலை. வெளிச்சம் அவர் மடியில் சதுரமாக விழுந்தது.

ஜெபம் பண்ணப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பேசியது மகனிடம். பக்கத்து அறையில் படுத்திருக்கிறவனிடம் பேசுகிற குரல்.

“ஏ நேசா. அப்பா ஒன் வண்டிய சரி பண்ணி வச்சிருக்காரு. மீன் வாங்கச் சொல்லுதாரு. அவரு பாவம்டா.” மடியில் கிடந்த வெளிச்சத்தை உள்ளங்கையால் தடவினார். “எங்களுக்காண்டி நீ அங்க முழிச்சுக்கிட்டு நிக்காத. நீ போயிட்டன்னு அம்மா சொல்லுதேன். கேக்கா? செத்துப்போன. அம்மாதான் சொல்லுதேன். படுத்துக்கோய்யா.”

நம்பினால் நம்புங்கள். திடீரென்று எதுவும் நடக்கவில்லை. மின்னல் இல்லை, காற்று இல்லை, நான் எதிர்பார்த்த எந்தச் சத்தமும் இல்லை. துணியில் ஈரம் ஊறுகிற மாதிரி அந்த வெள்ளைச் சதுரத்தில் முதலில் ஒரு மங்கல் வந்தது. பிறகு அது கறுத்தது. அவர் மடியில், இடம் வலம் மாறி, நே, ச, ன்.

இந்த முறை நான் ஓடவில்லை. தைரியம் என்று நினைத்துவிடாதீர்கள். தூணைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆசீர் சார் எழுந்து வந்தார். மடியில் இருந்த எழுத்தை விரலால் தொட்டார். தொட்டதும் அது அவர் விரல்மேல் ஏறி விழுந்தது, எந்த நிழலும் விழுகிற மாதிரி.

“போயிட்டானா ரூபி?”

“போயிட்டான்.”

ஆசீர் சார் அக்கா பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அக்கா தோளில் நெற்றியை வைத்து அழுதார். ஆறு வருடம் அடைத்து வைத்த அழுகை. அக்கா அழவில்லை. அசையாமல் இருந்தார், அசைந்தால் மடியில் இருப்பது விழித்துக்கொள்ளும் என்பது மாதிரி.

மறுநாள் ஞாயிறு. நான் சர்ச்சுக்குப் போகிற ஆள் இல்லை, அன்று போய்ப் பின்னால் பாயில் உட்கார்ந்தேன். போதகர் பெயர் வாசித்தார். புதுச் சட்டைப் பொடிசுகளுக்கு நடுவே ரூபி அக்கா போய் நின்றார். ஆசீர் சாரும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார், தலையை நிமிர்த்திக்கொண்டு.

நீங்கள் கேட்கப்போகிற கேள்வியெல்லாம் நானே கேட்டுப் பார்த்துவிட்டேன். சாயம் ஆற நாள் எடுத்திருக்கும் என்கிறீர்களா? அப்படியானால் என் சட்டைமேல் முதல் நாளே எப்படி விழுந்தது? கண் கோளாறு என்றால் மூன்று பேருக்கும் ஒரே கோளாறா? கண்ணாடித் தொழிலில் என்னைவிடப் பழுத்த இரண்டு பேரிடம் கேட்டேன், ஒருத்தர் சிரித்தார், ஒருத்தர் என் ரத்த அழுத்தத்தைப் பார்க்கச் சொன்னார். இப்போது எந்த மாலை போனாலும் எட்டுப் பெயரும் சமர்த்தாகத் தரையில் விழுகின்றன. அந்த ஏழு பேர்மேல் பழி போட்டதற்காகத் தனியாகப் போய் மன்னிப்பும் கேட்டுவிட்டேன், தமிழிலேயே.

பெயர் வந்ததைக்கூட ஒரு மாதிரி விழுங்கிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சனிக்கிழமை தூணைக் கட்டிக்கொண்டு நின்றபடி நான் பார்த்த இன்னொன்று இருக்கிறது. அவர்கள் இருவரிடமும் நான் அதைச் சொன்னதில்லை, அவர்களும் என்னிடம் கேட்டதில்லை. வேலை நேரத்தில் கைக்கடிகாரம் பார்க்கிற பழக்கம் எனக்கு, அதனால் நேரம் சரியாகத் தெரியும்.

வெயில் சாயச் சாய ஏழு பெயர்களும் வழக்கம்போல நகர்ந்தன. அக்காவைத் தாண்டி, பெஞ்சுக் கால்களில் ஏறி, எதிர்ச்சுவர் வரைக்கும் போயின. ஏரிக்கு அந்தப் பக்கத்து அடுக்குமாடிக்குப் பின்னால் சூரியன் இறங்கியபோது மணி ஐந்து பத்து. ஜன்னல் மொத்தமாக இருண்டது, சுவரில் இருந்த ஏழும் போய்விட்டன. ரூபி அக்கா மடியில் நேசன் ஐந்தரை வரை இருந்தான்.